விட்டுவைத்த எட்டாவது போல்ட்

இங்கிலாந்தில் வீட்டில் வைத்துக் கட்டிய காரைச் சாலையில் இறக்க வேண்டுமென்றால் ஐ.வி.ஏ. என்ற சோதனையில் அது தேற வேண்டும். என் கார் முதல் தடவை தேறவில்லை. காரணம் ஒரு போல்ட். இரண்டு வருடத்துக்கு முன்னால் "இது அப்படியே இருக்கட்டும், யார் பார்க்கப் போகிறார்கள்" என்று நானே விட்டுவைத்த போல்ட்.

எனக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர். அப்பா கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தார். இங்கே வந்து பன்னிரண்டு வருடமாகிறது. பார்ப்பது கம்ப்யூட்டர் வேலை. வீட்டோடு ஒரு கராஜ் இருக்கிறது, எட்டடிக்குப் பதினாறடி. இந்த நாட்டில் பெரும்பாலோர் அதில் காரைத் தவிர எல்லாவற்றையும் போட்டு வைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

காரை உதிரியாக வாங்கி வீட்டில் பூட்டுவது இங்கே பழைய பழக்கம். காலின் சாப்மன் 1957இல் லோட்டஸ் செவன் என்ற காரைக் கொண்டுவந்தார். முழுக் காராக விற்றால் கொள்முதல் வரி உண்டு, உதிரியாக விற்றால் இல்லை. அதனால் பெட்டியில் போட்டு விற்றார்கள். பூட்டும் விவரக் குறிப்பு கொடுக்கக் கூடாது என்று விதி இருந்ததாகவும், லோட்டஸ்காரர்கள் 'பிரிக்கும் விவரம்' கொடுத்து அதைத் தலைகீழாகப் படித்துக்கொள்ளச் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. 1973இல் வாட் வரி வந்ததும் அந்தச் சலுகை போய்விட்டது. அதே வருடம் செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் கம்பெனிக்குப் போனது. வரி லாபம் போனாலும் பழக்கம் போகவில்லை.

நம் ஊரில் இது முடியுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதையே மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. அதற்கு மேல் நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

புது கேட்டர்ஹாம் கிட் (உதிரித் தொகுப்பு) வாங்க என்னிடம் பணம் இல்லை. நான் எடுத்தது மஸ்டா எம்எக்ஸ்-5 காரைப் பிரித்துச் செய்கிற வகை. எம்எக்ஸ்-5 1989இல் வந்தது. பத்து லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது, அதனால் பழைய வண்டி எங்கும் கிடைக்கும். பின் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் கீழ்ப்பட்டி துருப்பிடித்து உதிர்வது அதன் பரம்பரை வியாதி. பாடி செத்துப்போயிருக்கும், எஞ்சின் கல்லு மாதிரி இருக்கும். கிட் கம்பெனி கொடுப்பது இரும்புக் குழாய்களால் வெல்டிங் செய்த ஒரு கூடு. எம்எக்ஸ்-5இன் எஞ்சின், கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல், நான்கு சக்கரம் எல்லாம் சேர்ந்தபடி அப்படியே இருக்க, பழைய பாடியை மேலே தூக்கிவிட்டு இந்தக் கூட்டை இறக்க வேண்டும். சொல்ல இவ்வளவுதான்.

850 பவுண்டுக்கு 1996 கடைசியில் பதிவான ஒரு 1.8 லிட்டர் வண்டியை வாங்கினேன். மேலே ஃபைபர் கூரையும் இருந்தது. அதை மட்டும் தனியாக 400 பவுண்டுக்கு விற்றேன். எம்எக்ஸ்-5 வாங்குபவர்கள் கூரை இருக்கிற வண்டியாகப் பாருங்கள்.

வீட்டில் ஆறு மாதம் என்று சொல்லியிருந்தேன். பிரிக்கவே நான்கு மாதம் ஆனது. சனி, ஞாயிறு மட்டும்தான் வேலை. ஒவ்வொரு ஒயர் முனையிலும் பேப்பர் டேப் ஒட்டி எழுதினேன். கழற்றிய போல்ட்டுகளைத் தயிர் டப்பாக்களில் போட்டேன். தயிர் டப்பா தீர்ந்துபோய் சாம்பார்ப் பொடி டப்பாவில் கை வைத்தபோதுதான், "ஏனுங்க, சமையலறைப் பக்கம் மட்டும் வராதீங்க" என்று மனைவியின் உத்தரவு வந்தது.

அந்தப் போல்ட் விஷயத்துக்கு வருகிறேன். எம்எக்ஸ்-5இல் சக்கரத்தின் கோணங்களைச் சரிசெய்ய, சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கைகளின் அடியில் எட்டு போல்ட் இருக்கும். முன்னால் நான்கு, பின்னால் நான்கு. ஒவ்வொன்றிலும் மையம் விலகிய ஒரு வட்டத் தகடு. போல்ட்டைத் திருப்பினால் கை உள்ளேயோ வெளியேயோ நகரும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் இங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். இருபத்தைந்து வருட உப்பில் போல்ட்டும், அது நுழையும் ரப்பர் புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழலும் ஒன்றாகிவிடும். நட்டு கழன்று வரும், போல்ட் அசையாது.

வீடியோ காலில் அப்பாவிடம் காட்டினேன்.

"இதுக்குப் போயி தொங்கிட்டு இருக்கற? சூடு வெச்சுத் தட்டு கண்ணு."

"உள்ள ரப்பர் புஷ் உருகிருமுங்கப்பா."

"உருகுனா மாத்திக்கலாம். போல்ட்டு எறங்கலீன்னா என்ன பண்ணுவ?"

அவர் சொன்னது சரி. கேஸ் டார்ச்சில் சூடேற்றி, எண்ணெய் விட்டு, ராத்திரி ஊற விட்டு, காலையில் தட்டி என்று ஏழு போல்ட்டை எடுத்தேன். எட்டாவது, முன்பக்கம் இடது கையின் பின் போல்ட், நான்கு வாரம் ஆகியும் வரவில்லை. கை தோலெல்லாம் உரிந்திருந்தது. வண்டி நேராகத்தானே ஓடிக்கொண்டிருந்தது, அந்தக் கோணத்திலேயே இருக்கட்டும் என்று கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மேலே கறுப்பு பெயின்ட் அடித்துவிட்டேன். பார்க்கப் புதிது மாதிரியே இருந்தது.

பாடியைத் தூக்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. கதவு, பானட், டிக்கி மூடி, பக்கத் தகடுகள் எல்லாம் போனபின் மிச்சம் ஒரு தொட்டிதான். ஸ்டியரிங் தண்டு, பிரேக் பைப், பெட்ரோல் பைப் எல்லாம் பிரித்தாயிற்றா என்று மூன்று தடவை பார்த்தோம். ஆபீஸ் நண்பர்கள் ஆளுக்கொரு மூலை பிடித்தார்கள். ஒரு அடி உயர்ந்து நின்றுவிட்டது. ஹேண்ட் பிரேக் கேபிளை மறந்திருக்கிறேன். தூக்கிப் பிடித்தபடியே அவர்கள் திட்ட, நான் அடியில் படுத்து அதைக் கழற்றினேன். யாரும் இப்படிச் செய்யாதீர்கள், அடியில் ஸ்டாண்ட் வைத்துவிட்டுப் போங்கள். பிரியாணிக்குத்தான் வந்தோம் என்று அவர்கள் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

அன்று பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியருகே வந்து நின்றார். பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். பழைய வண்டியின் பதிவுப் புத்தகத்தைத் தொலைத்துவிடாதே, விற்றவரின் ரசீது, கிட் ரசீது, எஞ்சின் நம்பரின் போட்டோ எல்லாம் ஒரே ஃபைலில் வை என்றார். அவர் சொல்லியிருக்காவிட்டால் நான் சிக்கியிருப்பேன். புதுச் சேஸி (அந்தக் குழாய்க் கூடு) கிட் கம்பெனியுடையது, பழைய வண்டியின் முக்கிய பாகங்களில் குறைந்தது இரண்டு இதில் இருக்கின்றன என்று நிரூபித்தால்தான் அந்தப் பழைய வண்டியின் வயதுக்கேற்ற நம்பர் கிடைக்கும். இல்லையென்றால் 'க்யூ' என்ற எழுத்தில் தொடங்கும் நம்பர். அது இந்த வண்டியின் வயதோ அடையாளமோ தெரியாது என்று ஊருக்கே சொல்கிற நம்பர்.

கூட்டை இறக்கிய பிறகு வேலை வேகமாக ஓடியது. அலுமினியத் தகடுகளைப் பசை போட்டு, துளையிட்டு, ரிவெட் அடித்தேன். மொத்தம் 340 ரிவெட். முதல் ஐம்பதைக் கையால் அடித்துவிட்டு மணிக்கட்டு வீங்கியபின் காற்றில் ஓடும் ரிவெட் கன் வாங்கினேன். பின் பிரேக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காலிப்பரின் பின்னால் 14 மி.மீ. போல்ட் ஒன்று மூடியாக இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே ஆலன் கீ போடும் துளை. சக்கரம் இறுகும் வரை திருப்பி, மூன்றில் ஒரு சுற்று பின்னால் வாங்க வேண்டும். இது தெரியாமல் ஹேண்ட் பிரேக் கேபிளையே முறுக்கிக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீணாகின.

அப்புறம் ஒயரிங். ஏர்பேக், பவர் கண்ணாடி, உள்விளக்கு என்று வேண்டாததையெல்லாம் உருவி எடுத்தபின் கை தடிமன் இருந்த கட்டு விரல் தடிமனுக்கு வந்தது. பெருமையாக இருந்தது. சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பெட்ரோல் வருகிறதா என்று பார்க்க, பானட்டுக்குள் இருந்த டயக்னாஸ்டிக் பெட்டியில் எஃப்பி, ஜிஎன்டி என்ற இரண்டு துளைகளையும் ஒரு ஒயர் துண்டால் இணைத்தேன். பம்ப் 'ம்ம்ம்' என்று ஓடியது. பெட்ரோல் குறையில்லை. மூன்று ராத்திரி தேடினேன். கடைசியில் பார்த்தால் இன்டேக் மேனிஃபோல்டின் பின்னால் போட வேண்டிய எர்த் ஒயர் ஒன்று தனியாகத் தொங்குகிறது, அதன்மேல் என் கையெழுத்திலேயே 'எர்த் – மறக்காதே' என்று டேப். மாட்டியவுடன் அரைச் சுற்றில் பிடித்தது. அப்போது மணி ராத்திரி பதினொன்றரை, சைலன்ஸரும் இன்னும் பூட்டவில்லை. பெரியவரிடம் மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனால், நாலு சிலிண்டரும் ஒழுங்காக அடிக்கிறது என்றார்.

ஓடுகிற காரைச் சோதனைக்குத் தயார்செய்ய எட்டு மாதம் ஆனது. இதை யாரும் முதலிலேயே சொல்வதில்லை. வெளியே 100 மி.மீ. பந்து ஒன்றை உருட்டினால் எங்கெல்லாம் படுமோ, அந்த விளிம்பெல்லாம் குறைந்தது 2.5 மி.மீ. உருண்டையாக இருக்க வேண்டும். காருக்குள் தலை மோதக்கூடிய இடத்துக்கு 165 மி.மீ. பந்து. குழாய்க் கூடு என்பதால் என் காரில் எல்லாமே வெளியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு நட்டுக்கும் பிளாஸ்டிக் குல்லாய், ஒவ்வொரு தகட்டு ஓரத்துக்கும் ரப்பர் பட்டி. முன் கண்ணாடி வைத்தால் வைப்பர் வேண்டும், தண்ணீர் அடிக்க வேண்டும், பனி நீக்க வேண்டும். எனவே கண்ணாடியே வைக்கவில்லை. வேலையைக் குறைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சோதனை நாள். டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போனேன். சோதனை அதிகாரி நிதானமான மனிதர், கையில் டார்ச்சும் அந்தப் பந்தும். புகை சரி, லாம்டா என்கிற காற்று-பெட்ரோல் கலவை அளவு 0.97க்கும் 1.03க்கும் நடுவில் நின்றது. சத்தம்: எஞ்சினின் அதிகபட்ச சக்தி வருகிற சுற்றில் முக்கால், அதாவது சுமார் 4,900 சுற்றில் பிடித்து வைத்து அளந்தார். 99 டெசிபெலுக்குள் இருக்க வேண்டும், எனக்கு 96. ஸ்பீடாமீட்டர் நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது, அதுவும் சரி. பிரேக் சரி. டேஷ்போர்டின் அடி ஓரத்தில் ஒரு இடத்தில் மட்டும் பந்து பட்டது, குறித்துக்கொண்டார்.

கடைசியாக மெல்ல ஓட்டியபடி ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பிக் கையை விட்டார். அது தானாக நேருக்கு வர வேண்டும். வலப்பக்கம் சோம்பலாக வந்தது. இடப்பக்கம் போட்டது போட்டபடி நின்றது.

சைக்கிளில் கையை விட்டுவிட்டு ஓட்ட முடிவதற்கு முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதும் ஒரு காரணம். காரிலும் ஸ்டியரிங்கை நேருக்குக் கொண்டுவர அப்படி ஒரு சாய்வு உண்டு, காஸ்டர் என்பார்கள். என் காரில் பாடி போய் எடை குறைந்துவிட்டது. பவர் ஸ்டியரிங் பம்பை எடுத்துவிட்டதால் ஸ்டியரிங் வேறு கனமாக இருக்கிறது. ஆக, காஸ்டரைக் கூட்டியே ஆக வேண்டும். அதைக் கூட்ட முன் கீழ்க் கையின் இரண்டு போல்ட்டையும் எதிரெதிராகத் திருப்ப வேண்டும். இடப்பக்கத்தில் அதில் ஒன்று, கறுப்பு பெயின்ட்டுக்குள் தூங்கிக்கொண்டிருக்கிறது. இடப்பக்கம் கூட்ட முடியாததால் அலைன்மென்ட் செய்தபோது வலப்பக்கத்தையும் அதற்குத் தக்கபடி குறைத்தே வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து அந்த வாரமே காருக்கு அடியில் படுத்தேன். சூடு, எண்ணெய், சுத்தியல் எதற்கும் மசியவில்லை. கடைசியில் ரெசிப்ரோ ரம்பத்தை வாடகைக்கு எடுத்து, புஷ்ஷுக்கும் சட்டத்துக்கும் நடுவில் பிளேடை நுழைத்து, இரண்டு பக்கமும் அறுத்தேன். நான்கு பிளேடு போனது. ஒன்றரை மணி நேரம். இரண்டு வருடத்துக்கு முன் இதே ஒன்றரை மணி நேரத்தில் முடித்திருக்கலாம், அப்போது மேலே கூடு இல்லாமல் உட்கார்ந்தபடியே அறுத்திருக்கலாம். புது போல்ட், புது புஷ், அலைன்மென்ட். மூன்று வாரம் கழித்து மறுசோதனை, ஸ்டியரிங்கும் டேஷ்போர்டு ஓரமும் மட்டும். ஸ்டியரிங்கை விட்டதும் நாய்க்குட்டி மாதிரி நேருக்கு வந்தது.

பிறகு பதிவு. வி55/5 படிவம், பூட்டிய விவரம் சொல்லும் வி627/1 படிவம், ஐ.வி.ஏ. சான்றிதழ், இன்ஷூரன்ஸ், 55 பவுண்டு கட்டணம், பெரியவர் சொன்ன ஃபைல். ஆறு வாரத்தில் 'பி' (P) எழுத்தில் தொடங்கும் நம்பர் வந்தது, 1996க்கு உரியது. உதிரி விற்ற காசைக் கழித்தால் மொத்தச் செலவு 7,800 பவுண்டு. காலம் இருபத்தொன்பது மாதம். இரண்டையும் வீட்டில் முழுதாகச் சொல்லவில்லை. இப்போது இதைப் படிப்பாள்.

முதல் ஓட்டத்துக்கு அவளையே அழைத்துப் போனேன். இரண்டு பேரும் மோட்டார் சைக்கிள் கண்ணாடி போட்டுக்கொண்டோம். இரண்டாவது மைலில் தூறல். திரும்பலாமா என்று கேட்டேன். "நனைஞ்சாச்சுங்க, இனி என்ன, போங்க" என்றாள்.

சாயங்காலம் அப்பாவுக்கு வீடியோவில் காரைச் சுற்றிக் காட்டினேன். கூரை இல்லையா, கதவு இல்லையா என்று கேட்டுவிட்டு, அறுத்த போல்ட்டைக் காட்டச் சொன்னார். காட்டினேன். வெகு நேரம் உற்றுப் பார்த்தார்.

"அதைத் தூக்கிப் போட்றாத. வரும்போது கொண்டா, உள்ள எப்படிப் புடிச்சிருக்குதுன்னு பாக்கோணும்."

மூன்று துண்டுகளையும் பழைய பேப்பரில் சுற்றி வைத்திருக்கிறேன். கைப்பையில் வைத்தால் ஏர்போர்ட்டில் எடுத்துவிடுவார்கள், பெட்டியில்தான் போட வேண்டும்.