நினைவில்லாத நெறிமுறையும் குக்கீயும்

உலாவியும் (பிரவுசர்), வலைத்தளத்தை வைத்திருக்கும் கணினியான சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி நெறிமுறையில் என்னை மிகவும் ஈர்ப்பது, அதற்கு நினைவாற்றலே கிடையாது என்பதுதான். உலாவி கோரிக்கை அனுப்புகிறது, சர்வர் 200 (சரி) என்றோ 404 (கேட்டது கிடைக்கவில்லை) என்றோ நிலைக்குறியீட்டுடன் பதில் தருகிறது. அடுத்த கோரிக்கையும் அதே ஆளிடமிருந்துதான் வருகிறது என்பது சர்வருக்குத் தானாகத் தெரியாது. இதைத் தீர்க்கவே 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்டுல்லி, உலாவியில் சேமிக்கப்படும் சிறு தகவல் துண்டான குக்கீயை உருவாக்கினார்.

நாம் கடவுச்சொல் கொடுத்து நுழைந்ததும், சர்வர் தன் பதிலின் தலைப்பகுதியில் ‘செட்-குக்கீ’ என்ற வரியில் ஓர் அடையாளக் குறியை அனுப்ப, உலாவி அதைச் சேமித்துவைத்து, அந்தத் தளத்துக்கான அடுத்தடுத்த கோரிக்கைகளுடன் திருப்பி அனுப்புகிறது. அந்தக் குறி பிறர் கையில் சிக்கினால் கடவுச்சொல் இல்லாமலேயே நம் கணக்கில் நுழைந்துவிடலாம் என்பதால், பொதுக் கணினியில் சன்னலை மூடுவது மட்டும் போதாது, லாக் அவுட் செய்தே ஆக வேண்டும்.