ஃப்ரீசருக்குள் ஒரு மலைச்சரிவு: உறைந்து இளகும் மண்

மலைச்சரிவில் மண் உறைந்து இளகி எப்படிக் கீழே நகர்கிறது என்பதை ஃப்ரீசரில் ஒரு ட்ரே மண்ணை வைத்தே பார்க்கலாம். ட்ரே 40 செ.மீ. நீளம், 10 செ.மீ. ஆழம். அடியிலும் நான்கு பக்கமும் 3 செ.மீ. தெர்மாகோல் ஒட்டி, மேற்பரப்பை மட்டும் திறந்து விட வேண்டும். முதல் சுற்றில் தெர்மாகோல் ஒட்டாததால் குளிர் எல்லாப் பக்கமும் புகுந்து, மண் ஒரே கட்டியாகிவிட்டது. மலையில் குளிர் மேலிருந்துதான் இறங்கும்.

மண் தேர்வில் அவசரம் கூடாது. மணலின் துளைகள் பெரியவை, தண்ணீர் மேலே ஏறாது. சுத்தக் களிமண் தண்ணீரை இழுக்கும், ஆனால் அது ஊர்ந்து வருவதற்குள் உறைந்துவிடும். இரண்டுக்கும் நடுவிலான நுண்வண்டல்தான் சரி. அடியில் 2 செ.மீ. ஈர மணல் போட்டால் அதுவே நீர்த்தேக்கம்.

நேராக மைனஸ் 18 டிகிரியில் வைத்தால் தண்ணீர் இருந்த இடத்திலேயே உறைந்துபோகும். தெர்மோஸ்டாட்டைக் குறைந்த குளிரில் வைத்து, மேலே ஒரு துண்டை மடித்துப் போடுங்கள். மெதுவாக உறைந்த மண்ணை வெட்டினால், நகக்கண் கனத்தில் கண்ணாடிபோலப் பனிக்கட்டிப் பட்டைகள் தெரியும். அவற்றுக்கு இடையே உள்ள மண் வறண்டிருக்கும். தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் விரிவது மட்டும் மண் மேலே புடைத்தெழுவதற்குக் காரணமில்லை. பெரும்பங்கு கீழிருந்து உறிஞ்சப்பட்ட நீர்.

புடைப்பு சரிவுக்குச் செங்குத்தாக எழும், இளகும்போது நேர் கீழே அமரும். 10 டிகிரி சரிவில் 5 மி.மீ. எழுந்தால், கணக்குப்படி ஒரு சுற்றுக்கு 0.9 மி.மீ. கீழ்நோக்கிய நகர்வு. மண்ணின் ஒட்டுத்தன்மை பின்னுக்கு இழுப்பதால் உண்மையில் இதைவிடக் குறையும். அளக்க, ஸ்ட்ராவைச் செங்குத்தாகச் செருகி, வண்ண மணல் நிரப்பி, ஸ்ட்ராவை மட்டும் உருவிவிட வேண்டும். பல சுற்றுகளுக்குப் பிறகு நெடுக்காக வெட்டினால் அந்தக் கோட்டின் மேல்நுனி எவ்வளவு வளைந்திருக்கிறது என்று பார்க்கலாம்.

ஆனால் பள்ளத்தாக்கை நிரப்பும் பெரிய வேலை இளகும்போதுதான் நடக்கிறது. ஊசியால் குத்திப் பாருங்கள்: மேல் 2 செ.மீ. சேறு, அதற்குக் கீழே ஊசி டக்கென்று நிற்கும். கீழே மண் இன்னும் உறைந்திருப்பதால் உருகிய நீருக்கு வடிய வழியில்லை; இந்த நிலையில் ட்ரே சாய்ந்திருந்தால் சேறு நாக்குபோல நீண்டு வழியும். முழுதும் இளகிய பிறகு ட்ரேயைச் சாய்த்தால் நீர் அடிமணலுக்கு இறங்கிவிடும், எதுவும் நகராது. இந்தத் தவறுதான் அதிகம் நேர்கிறது.

1906-இல் ஸ்வீடன் நிலவியலாளர் ஆண்டர்சன் ஃபாக்லாந்து தீவுகளில் பார்த்து 'சோலிஃப்ளக்ஷன்' என்று பெயரிட்டது இத்தகைய மண்வழிவுக்குத்தான். இங்கிலாந்தின் டார்ட்மூரிலும் குன்றுகளின் உச்சியில் கருங்கல் பாறைக்குவியல்களும், அவற்றுக்குக் கீழே சரிவெங்கும் சிதறிய பாறைகளும், பள்ளத்தாக்கின் ஓரங்களில் வழிந்து படிந்த மண்ணும் இருக்கின்றன. அந்தப் படிவில் கற்கள் கூர்முனை மழுங்காமல், பெரும்பாலும் நீளவாக்கில் சரிவை நோக்கிக் கிடக்கும். ஆற்றுக் கூழாங்கல்லாக இருந்தால் உருண்டு மழுங்கியிருக்கும். அடுத்த சுற்றில் சேற்றின் மேல் நீளமான கற்சில்லுகளைக் குறுக்காகப் பதித்து, வழியும் நாக்கில் அவை எந்தப் பக்கம் திரும்புகின்றன என்று பார்க்க வேண்டும்.