விக்டோரியா பொது மண்டபத்தில் மீண்டும் தமிழ் நாடகம்

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே, ரிப்பன் மாளிகையை ஒட்டி நிற்கும் விக்டோரியா பொது மண்டபத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 1883-இல். ராபர்ட் சிஷோம் வரைந்த திட்டப்படி நம்பெருமாள் செட்டியார் அதைக் கட்டினார்.

கட்டடக்கலையைவிட என்னை ஈர்ப்பது அதன் மேடை. 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களுடன் தொடங்கிய சுகுண விலாச சபை இங்குதான் நாடகங்களை அரங்கேற்றியது. நடிப்பது இழிதொழிலாகக் கருதப்பட்ட காலத்தில், வழக்கறிஞரும் பின்னாளில் நீதிபதியுமான அவர், படித்தவர்களையும் அலுவலர்களையும் அரிதாரம் பூச வைத்தார். விடுதலைப் போராட்டத் தலைவர் சத்தியமூர்த்தியும் அச்சபையில் நடித்தவரே. விடிய விடியப் பாட்டாக நீண்ட நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கி, உரைநடை வசனத்துக்கு அவர்கள் தந்த இடம் இன்றைய மேடை நாடகத்துக்கும் அடித்தளம்.

மாநகராட்சி 2023-இல் இங்கே சீரமைப்புப் பணியைத் தொடங்கியபோது பெரிதும் மகிழ்ந்தேன். இனி இம்மேடையில் நடக்கவிருக்கும் நிகழ்ச்சிகளில் சம்பந்த முதலியாரின் ‘மனோகரா’வுக்கு முதலிடம் தர வேண்டும் என்பதும், இளைய நாடகக் குழுக்களுக்கு எளிய வாடகையில் மாலைநேரங்களை ஒதுக்க வேண்டும் என்பதும் என் உறுதியான விருப்பம்.