ஜாக்கல் குனிந்ததும் விசில் ஊதிவிட்டால் என்ன?

ரக்பி சட்டத்தை வருஷத்துக்கு வருஷம் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்று எரிச்சல்படுபவர்களில் எங்கள் மாமாதான் முதல் ஆள். பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா அவர். பிரான்ஸில் தார்ப் முகாமில் இருந்தபோது பிடித்த பைத்தியம், புதுச்சேரி முத்தியால்பேட்டைக்கு வந்து குடியேறிய பிறகும் விடவில்லை. அவருக்கு துலூஸ் அணி. அவர் மகன், அதாவது என் மச்சான், பொர்தோவில் வேலை பார்ப்பதால் அவனுக்கு பொர்தோ-பெக்ள். 2025 ஜூன் 28 அன்று பிரெஞ்சு கிளப் அணிகளின் டாப் 14 இறுதிப்போட்டியில் இந்த இரண்டு அணிகளும் மோதின. முந்தின வருஷ இறுதியில் துலூஸ் 59-3 என்று பொர்தோவைத் துவைத்து எடுத்ததால் மாமா தெம்பாக உட்கார்ந்திருந்தார். ஆனால் இந்தத் தடவை 80 நிமிடம் முடிந்தபோது 33-33. கூடுதல் நேரம் வரை இழுத்து 39-33 என்று துலூஸ் ஜெயித்தது, 24வது பட்டம். நமக்கு அது நள்ளிரவு தாண்டி ஆரம்பித்த ஆட்டம், முடிந்த பிறகு வீடியோ காலில் அப்பனும் மகனும் போட்ட சண்டை பால்காரர் வரும் வரை ஓடியது. சண்டை முழுக்க ஒரே விஷயத்தைப் பற்றித்தான்: பிரேக்டவுன், அதாவது பந்தோடு ஓடியவன் விழுந்ததும் பந்துக்காக நடக்கும் இழுபறி.

ரக்பி பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. கபடியில் பாடி வந்தவனை மடக்கிப் பிடித்தால் கதை முடிந்தது. ரக்பியில் பந்தோடு ஓடியவனைக் கீழே சாய்த்த பிறகுதான் கதையே ஆரம்பம். விழுந்தவன் பந்தை உடனே விட வேண்டும், சாய்த்தவன் அவனை விட்டு விலகிவிட வேண்டும். அதற்குள் எதிரணி ஆள் ஒருவன் ஓடி வந்து, தன் காலில் நின்றபடியே குனிந்து பந்தில் கை வைப்பான். அவனைத்தான் ஜாக்கல் என்பார்கள். நியூசிலாந்தின் ரிச்சி மெக்கா, ஆஸ்திரேலியாவின் டேவிட் போகாக் எல்லாம் இந்த வேலையில் பேர்போனவர்கள். கீழே கிடப்பவன் பந்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் ஜாக்கலின் அணிக்கு பெனால்டி. அதனால் கீழே விழுந்தவனின் ஆட்கள் ஜாக்கலை எப்படியாவது அங்கிருந்து தள்ளிவிடப் பார்ப்பார்கள்.

எப்படியாவது என்ற இடத்தில்தான் பிரச்சினை. ஜாக்கல் நிற்கும் நிலையை யோசித்துப் பாருங்கள்: கால் இரண்டும் தரையில் ஊன்றியிருக்கிறது, தலை குனிந்திருக்கிறது, கை இரண்டும் பந்தில், யார் எந்த வேகத்தில் வருகிறார்கள் என்று பார்க்கக்கூட முடியாது, நூறு கிலோவுக்கு மேல் இருக்கும் ஆட்கள் ஓடி வந்து மோதுகிறார்கள். தன் எடையைத் தானே தாங்கி நில் என்று சட்டம்தான் அவனை அப்படி நிற்க வைக்கிறது.

இதுவரை வந்த மாற்றங்களை வரிசையாகப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. 2017-ல் வந்த மாற்றங்கள் எல்லாம் யார் எந்தப் பக்கமிருந்து நுழையலாம், பந்தை என்ன செய்யலாம் என்பதைப் பற்றி: சாய்த்தவன் எழுந்து தன் பக்கமாக வந்துதான் பந்தைத் தொடலாம், ரக்கில் (கீழே கிடக்கும் பந்துக்கு மேல் இரண்டு அணி ஆட்களும் முட்டிக்கொண்டு நிற்கும் இடம்) இருக்கும் பந்தை முன்னால் உதைக்கக் கூடாது, இப்படி. அதற்குப் பிறகு வந்ததில் பாதி, ஜாக்கலின் உடம்பைக் காப்பாற்றத்தான். 2021-ல் அவனுடைய கால்களைக் குறிவைத்தோ, அவற்றின் மேல் எடையைப் போட்டு விழுந்தோ தள்ளுவதற்குத் தடை போட்டார்கள். 2024 ஜூலை 1 முதல் குரோக்கடைல் ரோலுக்கும் தடை. நேராக மோதி அசைக்க முடியாத ஆளைக் கட்டிப்பிடித்து, அப்படியே முறுக்கிப் பக்கவாட்டில் உருட்டிவிடும் வித்தை அது. ஊன்றிய கால் தரையிலேயே இருக்கும், உடம்பு மட்டும் திரும்பும். முழங்கால் என்ன பாடுபடும்?

மாமாவுக்கு அந்தத் தடையில் உடன்பாடு இல்லை. "உருட்டவும் கூடாது, கால்ல விழவும் கூடாதுன்னா அவன வெத்தல பாக்கு வெச்சு கூப்புடணுமா மாப்ளே?" என்றார். கேள்வியில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. இரண்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று, இன்னும் வேகமாக ஓடி வந்து நேராக மோதுவது. அது மட்டும் என்ன குறைந்த ஆபத்தா?

மச்சான் உடனே துலூஸின் நட்சத்திர ஆட்டக்காரர் துய்போனை இழுத்தான், அப்பனை மடக்க அதைவிட நல்ல ஆயுதம் கிடையாது. 2025 மார்ச்சில் டப்ளினில் அயர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் ஒரு ரக்கில் அந்துவான் துய்போனின் வலது முழங்கால் தசைநார் கிழிந்தது. அதே முழங்காலில் 2018-லும் அவருக்கு அதே காயம். இந்த இறுதிப்போட்டியில் அவர் இறங்காததற்குக் காரணமே அந்த ரக்தான். அந்த மோதலைப் பற்றி பிரான்ஸ் பயிற்சியாளர் கால்தியே வெளிப்படையாகவே புகார் சொன்னார், ஆனால் யார் மேலும் நடவடிக்கை வரவில்லை. உருட்டல் இல்லை, வேண்டுமென்று செய்ததும் இல்லை, ரக்பியில் சகஜமாக நடப்பதுதான் என்று போய்விட்டது. மாமா அன்று எவ்வளவு கொதித்தார் என்று எனக்குத் தெரியும். புதுத் தடையெல்லாம் வேண்டாம் என்கிற அதே மனுஷன்!

என் கட்சி இதுதான். எப்படித் தள்ளலாம், எப்படித் தள்ளக் கூடாது என்று பட்டியலை நீட்டிக்கொண்டே போவதைவிட, விசிலைச் சீக்கிரம் ஊதலாம். ஜாக்கல் முதலில் வந்துவிட்டான், காலில் நிற்கிறான், கை பந்தில் இருக்கிறது, கீழே கிடப்பவன் விடவில்லை என்றால் அங்கேயே பெனால்டி. அடுத்து வரும் மோதலையும் தாங்கிக் காட்டு என்று ஏன் காத்திருக்க வேண்டும்? இதற்குப் புதுச் சட்டமே தேவையில்லை, 2020-ல் உலக ரக்பி அமைப்பு ரெஃபரிகளுக்குச் சொன்ன அறிவுரையே கிட்டத்தட்ட இதுதான். ஆனாலும் ஒரு ரெஃபரி உடனே ஊதுகிறார், இன்னொருவர் இரண்டு மூன்று மோதல் வரை பார்த்துக்கொண்டே நிற்கிறார்.

இதற்கு மாமாவின் பதில் ரெடியாக இருந்தது. அதே 2020 ஜூனில் நியூசிலாந்தில் சூப்பர் ரக்பி ஆட்டியாரோவா ஆரம்பித்தபோது பிரேக்டவுனில் கறாராக ஊதினார்கள், முதல் வாரங்களில் ஆட்டத்தைவிட விசில்தான் அதிகம் என்று எல்லோரும் புலம்பினார்கள். உண்மைதான். அப்புறம் ஆட்டக்காரர்கள் பழகிக்கொண்டார்கள் என்பதை மட்டும் மாமா சொல்லாமல் விட்டுவிடுவார். வசதியான ஞாபகமறதி.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்பவர்கள் செவன்ஸ் பார்க்கலாம். அதே வாரம் மும்பையில் நடந்து முடிந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் பட்டம் வாங்கியது. ஏழு பேர் ஆட்டம், மைதானம் முழுக்கக் காலியிடம், ரக்கில் கொண்டுபோய்க் கொட்ட ஆளே இல்லை. பார்க்க ஜோர்தான். ஆனால் மாமா அதை ரக்பி என்றே ஒத்துக்கொள்வதில்லை. மச்சான் ஒத்துக்கொள்கிறான், ஆனால் ஐந்து நிமிடத்துக்கு மேல் பார்ப்பதில்லை.

அடுத்த முறை இந்த இரண்டு அணிகளும் மோதும்போது ரெஃபரி யார் என்பதை முதலில் பார்த்துவிட்டுத்தான் நான் மாமா வீட்டுக்குப் போவேன். உடனே ஊதும் ரகம் என்றால் மாமா மூட் அவுட், காத்திருந்து ஊதும் ரகம் என்றால் மச்சான் போனிலேயே கத்துவான்.