ஓட்டுக்கு மேலேயா, ஓட்டுக்குப் பதிலாயா

மூன்று கிழமையாக நடந்த வீட்டுச் சண்டை நேற்றுப் பின்னேரம் முடிந்தது. கூரை மாற்ற ஓடாவியைக் கூப்பிட்ட அன்று கனடா மாமா வட்ஸ்அப்பில் அனுப்பிய படம்தான் தொடக்கம். அதில் ஒரு வீடு. ஓடே இல்லை, கூரை முழுக்கக் கறுப்புக் கண்ணாடி மாதிரி வழுவழு என்று. "ஓட்டுக்குப் பதிலாவே சோலார் பனல். எப்பிடியும் கூரை மாத்திறியள்தானே, ஓட்டுக் காசு மிச்சம்." நாலு நிமிசக் குரல் பதிவு. முதல் இரண்டு நிமிசம் வழக்கம்போல அங்கத்தைய குளிர்.

அப்பா அப்போதே சரிந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டுக்கு மேலே சட்டம் பூட்டி வைத்திருக்கும் பனல், அவர் கண்ணுக்குக் கூரையில் பாய் காயப்போட்ட மாதிரித் தெரிகிறதாம்.

நான் பாய்க் கட்சி. பனலுக்கு வெளிச்சம் வேண்டும், சூடு ஆகாது. 25 பாகை செல்சியசுக்கு மேலே ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் அரை வீதத்துக்குச் சற்றுக் குறைவாக உற்பத்தி இறங்கும். மேலே பூட்டினால் அடியால் காற்றுப் போகும். கூரையாகவே பதித்தால் எங்கள் சித்திரை வெயிலுக்குத் தோசைக்கல்தான். தேங்காய் விழுந்தால் இரண்டுக்கும் ஒரே கதி, அது வேறு.

ஓடாவி என் பக்கம். "தம்பி, ஓடு உடைஞ்சால் நான் ஏறி மாத்துவன். உது ஐப்பசி மழைக்கை ஒழுகினால் ஆரைக் கூப்பிடுவியள், கனடாவிலையிருந்தோ?"

மாமா சொல்லாத இன்னொன்றும் உண்டு. பற்றரி இல்லாத சோலார், கரண்ட் போனால் தானும் படுத்துவிடும். லைனில் வேலை செய்பவருக்கு அடித்துவிடக்கூடாது என்று பனலின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேர்ட்டர் தானாகவே நின்றுவிடும். 2025 பெப்ரவரியில் பாணந்துறையில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டு (அமைச்சரே சொன்னது) இலங்கை முழுக்கக் கரண்ட் போனதே, அன்று பக்கத்து வீட்டுக்காரர் எறிக்கிற வெயிலில் தன் கூரையைப் பார்த்தபடி பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார்.

இவ்வளவு விஞ்ஞானமும் நேற்று வீணாய்ப் போனது. அளக்க வந்த பெடியன் குசினிக் கூரையைக் காட்டி, "இதையும் எடுத்தால் பன்னிரண்டு பனல் வைக்கலாம்" என்றான். அரிசி அரித்துக்கொண்டிருந்த அம்மா, "எதை?" என்றா.

அங்கேதான் அம்மாவின் கண்ணாடி ஓடு இருக்கிறது. அதனூடாக ஒரு சுளகளவு வெயில் நிலத்தில் விழும். அம்மிக்குக் கிட்ட வந்தால் உலை வைக்கும் நேரம். ஆட்டுக்கல்லைத் தொட்டால் பள்ளிக்கூடம் விடும் நேரம். மாரிக்கும் கோடைக்கும் இடம் மாறும். அதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறா, எங்களுக்குச் சொன்னதில்லை. 1996 மே மாதம், கரண்டை மிச்சம்பிடிக்கவென்று நாட்டு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். போரால் வடக்கில் எங்களுக்கு 1990இலிருந்தே கரண்ட் இல்லை, எதை மிச்சம்பிடிக்க? ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு. 2006இல் மிச்ச அரையும். சுவர் மணிக்கூட்டை மூன்று தரம் திருப்பினோம். அம்மாவின் உலை அசையவில்லை.

"பதிச்சால் முழுத்துண்டாத்தான் பதிக்கவேணும் அன்ரி, நடுவிலை ஒரு ஓடு நிக்காது" என்றான் பெடியன்.

"அப்ப மேலை பூட்டு. அந்த இடத்தை விட்டிட்டுப் பூட்டு."

அவ்வளவுதான். பெடியன் பன்னிரண்டாவது பனலைப் பென்சிலால் வெட்டினான். அப்பா முற்றத்துக்குப் போய் மாமரத்தோடு கதைக்கத் தொடங்கினார்.

மாமாவுக்கு எழுதிப் போட்டேன். ஒரு பல்ப் பூட்டினால் தீராதா என்று நாலு நிமிசம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது ஒன்பது வினாடி. குளிர் இல்லை, ஓட்டுக் காசு இல்லை. "அக்கா, அந்தக் கண்ணாடி ஓடு இன்னும் இருக்கே?"

இன்றைக்கு வெயில் அம்மிக்குக் கிட்ட வந்ததும் ஒரு படம் எடுத்து அனுப்பினேன். அங்கே நடுச்சாமம் தாண்டிய நேரம். உடனே நீலச் சரி விழுந்தது.

அப்பா எட்டிப் பார்த்தார். "பன்னிரண்டாவது பனலின்ரை கரண்டுக் காசை இனி அவனிட்டை வாங்கு."