அணைய மறுத்த வண்டி

பரிசோதகர் பின் பம்பருக்கு மேலே இருந்த சிவப்புக் குமிழை உள்ளே தள்ளினார். என்ஜின் நிற்கவில்லை. வெளியே இழுத்து இன்னொரு முறை தள்ளினார். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் வரிசையில் பத்துப் பதினைந்து வண்டிகள். "இதைச் சரிபண்ணிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். பந்தயத் தளம் வரை வந்து, ஓட்டாமலேயே வீட்டுக்குத் திரும்பினேன்.

வண்டி 1970 பிளிமத் டஸ்டர். அந்த மாடல் வெளிவந்த முதல் வருடத்துடையது. பிறந்தபோது அதில் இருந்தது 318 கன அங்குல வி8. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் அதைக் கழற்றிவிட்டு 340ஐ உட்கார வைத்திருந்தார், அதாவது 5.6 லிட்டர். 340 போட்டே கம்பெனி விற்ற டஸ்டருக்கு 275 குதிரைத்திறன் என்று குறித்திருப்பார்கள். என்னுடையதில் கேம் ஷாஃப்ட், கார்புரேட்டர், எக்ஸாஸ்ட் எல்லாம் மாறியிருந்ததால் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. பின் ஆக்சிலில் 3.91 கியர். சிக்னலில் இருந்து கிளம்பும்போது முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் மணிக்கு 60 மைலிலேயே என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும். நெடுஞ்சாலையில் மனைவியோடு பேச வேண்டுமென்றால் கத்தத்தான் வேண்டும்.

நான் இருப்பது டெட்ராய்ட் பக்கம். இங்கே வுட்வர்ட் அவென்யூவில் 1960களில் ராத்திரி ராத்திரி சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் நடந்ததைப் பெருமையாகச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேட்கச் சுவாரசியமாகத்தான் இருக்கும். ஆனால் பச்சை அட்டை (அமெரிக்காவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை) வாங்கப் பத்து வருடம் காத்திருந்தவன் அந்த வேலையெல்லாம் செய்ய முடியாது. பக்கத்து வீட்டுப் பெரியவர் கார் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்தான், "வேகமா போகணும்னா ட்ராக்குக்குப் போங்க, அங்கே கையில் சீட்டு கொடுப்பாங்க" என்றார். கால் மைல், 1,320 அடி, எத்தனை வினாடியில் கடந்தாய் என்று அச்சடித்த சீட்டு. எனக்கு அது வேண்டியிருந்தது.

முதல் பரிசோதனைக்கு முன்பே ஒரு அசிங்கம் நடந்தது. டயர் மாற்ற இடது முன் சக்கரத்தின் நட்டைக் கழற்றப் போனேன். அசையவில்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்றேன். 'டக்' என்று போல்ட்டே உடைந்தது. பெரியவர் வந்து உடைந்த துண்டைப் பார்த்துச் சிரித்தார். அந்தக் காலத்து கிரைஸ்லர் வண்டிகளில் இடது பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். நான் கழற்றுகிறேன் என்று நினைத்து இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். மிச்சமிருந்த போல்ட்களின் நுனியில் 'எல்' என்று எழுத்தே வெட்டியிருந்தது. மரை கழன்றது எனக்குத்தான்.

சரி, குமிழ் விஷயத்துக்கு வருகிறேன். பழைய உரிமையாளர் பேட்டரியை டிக்கிக்கு மாற்றியிருந்தார். பின் வலது சக்கரத்துக்கு மேல் கனம் சேர்ந்தால் கிளம்பும்போது டயர் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும்; நல்ல யோசனைதான். ஆனால் பேட்டரி இடம் மாறினால் நேர்கோட்டில் ஓட்டும் 'டிராக்' (drag) பந்தயத்துக்கான அமெரிக்கச் சங்கமான என்.எச்.ஆர்.ஏ.யின் விதிகள் வரிசையாக வந்து நிற்கும். பேட்டரியைப் போல்ட் போட்டுப் பொருத்த வேண்டும். என்னுடையது கித்தான் பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. டிக்கிக்கும் ஓட்டுநருக்கும் நடுவில் உலோகத் தடுப்பு வேண்டும், என்னுடையதில் அட்டை. வண்டியின் பின்புறம் வெளியிலிருந்து தள்ளி அணைக்கிற மாதிரி ஒரு சுவிட்ச் வேண்டும், அதைத் தள்ளினால் என்ஜின் உட்பட எல்லாம் நிற்க வேண்டும். விபத்தில் வண்டி கவிழ்ந்து கிடந்தால் ஓடிவருகிறவர் கதவைத் திறந்து சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியாதல்லவா.

பட்டையும் அட்டையும் ஒரு சனிக்கிழமையில் முடிந்தன. சுவிட்சைப் பேட்டரியின் பாசிட்டிவ் கேபிளில் போட்டேன். பேட்டரியைத் துண்டித்தால் வண்டி செத்துவிடும் என்பது என் கணக்கு. தொழிலில் நான் மென்பொருள்காரன், அதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. ஓடுகிற என்ஜினுக்குப் பேட்டரி தேவையே இல்லை. ஆல்டர்னேட்டர் மின்சாரம் தயாரித்துக்கொண்டே இருக்கிறது, அது முன்பக்கமாகவே இக்னிஷனுக்குப் போய்விடுகிறது. பேட்டரி போனது என்ஜினுக்குத் தெரியக்கூட இல்லை.

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி, "ஏங்க, நிறுத்தவே முடியாத வண்டிய வச்சுக்கிட்டு வேகமா வேற போகணுமா?" என்றாள். பதில் இல்லை.

தீர்வு தாளில் வரைந்தால் இரண்டு கோடு. ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் கம்பியை வண்டியின் மற்ற மின்சுற்றோடு சேர்க்காமல், நேராகப் பின்னால் கொண்டுபோய் சுவிட்சின் பேட்டரிப் பக்கத்து முனையில் கட்ட வேண்டும். அப்போது சுவிட்சைத் தள்ளினால் பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் ஒரு பக்கம், வண்டி இன்னொரு பக்கம். அந்தக் கம்பியில் எப்போதும் மின்சாரம் இருக்கும் என்பதால் பேட்டரி முனையில் ஃப்யூஸ் கட்டாயம். அதோடு, பழைய கம்பி டேஷ்போர்டில் உள்ள அம்மீட்டர் வழியாகப் போய்வரும். வண்டியின் முழு மின்சாரமும் ஐம்பது வருடப் பழைய ஒரு கனெக்டருக்குள் நுழைந்து வரும். கழற்றிப் பார்த்தேன். பிளாஸ்டிக் உருகிக் கறுத்திருந்தது. பரிசோதகர் என்னைத் திருப்பி அனுப்பியிருக்காவிட்டால் அது என்றைக்கு எரிந்திருக்குமோ. அம்மீட்டரை ஓரங்கட்டிவிட்டு வோல்ட்மீட்டர் வைத்தேன். மூன்று வாரக் கடைசிகள், விரல் பூராவும் காயம்.

அடுத்த முறை போனபோது அதே பரிசோதகர். ஆக்சிலரேட்டரைத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் இரண்டு இருக்கிறதா, ரேடியேட்டரிலிருந்து வழிவதைப் பிடிக்க டப்பா இருக்கிறதா என்று பார்த்தார். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலைச் சுழற்றும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முன் முனைக்கு அடியில் நான் போட்டிருந்த இரும்பு வளையத்தையும் குனிந்து பார்த்தார். முன் ஜாயிண்ட் உடைந்தால் ஷாஃப்ட் தரையில் குத்தி வண்டியையே தூக்கிவிடும், அதற்காக அந்த வளையம். கடைசியாகக் குமிழைத் தள்ளினார். சட்டென்று அமைதி. கண்ணாடியில் ஷூ பாலிஷ் மாதிரி ஒன்றால் என் நம்பரை எழுதிவிட்டுப் போனார்.

ஓட்டியதைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை, அது பதினாலு வினாடிதான். பர்ன்அவுட்டை, அதாவது டயர் சூடாக நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழலவிடுவதை, இரண்டாவது கியரில் ஆரம்பிக்கச் சொல்லியிருந்தார் பெரியவர். முதல் கியரில் சக்கரத்தைச் சுழலவிட்டால் இந்த வண்டியின் 727 என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் உள்ளே ஒரு கிளட்ச் உடைந்து டிரம்மே வெடித்த கதைகள் உண்டு. தொடக்கக் கோட்டு விளக்குக் கம்பத்தில் மேலே இருக்கும் இரண்டு சிறு விளக்குகளும் எரிய அங்குலம் அங்குலமாக நகர்ந்தேன். மஞ்சள் மூன்று, அரை வினாடிக்கு ஒன்றாக. பச்சையைப் பார்த்த பிறகு கிளம்பினேன், அதுவே தாமதம். பழகினவர்கள் கடைசி மஞ்சளிலேயே காலை அழுத்துவார்கள். பின்டயர் துள்ளித் துள்ளிப் பிடித்தது. அச்சடித்த சீட்டில் 14.31 வினாடி, மணிக்கு 97 மைல். பக்கத்து லேனில் ஓடியது மின்சாரக் கார். அது சத்தமே இல்லாமல் முன்னால் போய்விட்டது. அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

டயரில் காற்றைக் குறைத்து மாலையில் 13.84 வந்தது. குதித்தேன். உடனே ஒருவர் வந்து, "13.99க்குக் கீழே போனா ஹெல்மெட் கட்டாயம். இருக்கா?" என்றார். இல்லை. அன்றைய பந்தயம் அதோடு முடிந்தது.

ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை, வுட்வர்ட் டிரீம் குரூஸ். 1995இலிருந்து நடக்கிற பழைய வண்டிகளின் ஊர்வலம். ஓரமாக நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, நாலு பேர் கேட்கட்டும் என்று நின்றிருந்தேன். திடீரென்று நின்றுபோனது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர்கூடச் சுற்றவில்லை. இந்த வண்டிகளில் இக்னிஷனுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கும் பாலஸ்ட் ரெசிஸ்டர் என்ற ஒரு சின்னப் பீங்கான் துண்டு அடிக்கடி போகும், எல்லாரும் டேஷ்போர்டில் உபரி ஒன்று வைத்திருப்போம். அது போனால் ஸ்டார்ட்டர் சுற்றும் என்பதை யோசிக்காமல், வெயிலில் பானெட்டைத் திறந்து அதை மாற்றினேன். கூட்டம் கூடியது, ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அப்புறம்தான் பின்னால் போய்ப் பார்த்தேன். ஆறு வயதுப் பையன் ஒருவன் ஐஸ்கிரீமோடு நின்றுகொண்டிருந்தான். குமிழ் உள்ளே போயிருந்தது, அதன் மேல் பிசுபிசுவென்று ஒரு விரல் தடம்.