சட்டைப்பையில் ஃபியூஸ் கட்டை

"இஎம்ஏ சார் காலமானார்." நம் வாட்ஸ்அப் குழுவில் இந்தச் செய்தி வந்தபோது நான் இரவு ஷிப்ட் முடிந்து சிங்கப்பூர் ஜூராங்கில் லாரிக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். நம்மில் பாதிப் பேருக்கு அவருடைய முழுப்பெயர் நினைவிருக்காது. பள்ளியில் அவர் நடத்திய தொழிற்கல்வி குரூப்பின் பெயரே அவருக்கும் பெயராகிவிட்டது. நம் பள்ளி மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது ஆண்டுவிழாவைப் பற்றியோ ஆலமரத்தடி சாப்பாட்டு நேரத்தைப் பற்றியோ எழுதலாம் என்றுதான் இருந்தேன். இப்போது சாரைத் தவிர வேறு எதுவும் எழுத வரவில்லை.

நான் ப்ளஸ் ஒன் சேர்ந்தது 2000-ல். ஃபர்ஸ்ட் குரூப், செகண்ட் குரூப், தேர்ட் குரூப் எல்லாம் நிரம்பிய பிறகு மிச்சமிருந்தவர்களைத் தொழிற்கல்விக்கு அனுப்பினார்கள். 'மின் இயந்திரங்களும் சாதனங்களும்' என்று அட்மிஷன் கார்டில் எழுதியிருந்தது. ஆங்கிலத்தில் அதன் சுருக்கம்தான் இஎம்ஏ. பிரேயரில் கடைசி வரிசை நாங்கள். "வொகேஷனலா?" என்று கேட்பவர்களின் குரலிலேயே மேற்கொண்டு கேட்க ஒன்றும் இல்லை என்பது தெரியும். முதல் நாள் வகுப்பில் சார் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "ப்ளஸ் டூ வந்தது 1978-ல. அன்னிக்கே தொழிற்கல்வியும் கூட வந்துச்சு தம்பி. இது யாரும் தின்னுட்டு வச்ச மிச்சம் இல்ல." தொகுப்பூதியத்தில் பல வருஷம் கிடந்து பிறகு நிரந்தரமான மனிதர் அவர். அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது ஏன் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

பிராக்டிகல் அறையில் வார்னிஷ் வாடை எப்போதும் இருக்கும். லெதராய்டு பேப்பர் வெட்டுவது, ஸ்லாட்டில் செருகுவது, செப்புக் கம்பியைச் சுற்றுக் கணக்கு பிசகாமல் காயிலாகச் சுற்றுவது. எண்ணும்போது யாராவது பேசினால் சார் மொத்தக் காயிலையும் பிரிக்கச் சொல்லிவிடுவார். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அவர் கற்றுக்கொடுத்தது ஒன்று உண்டு. லைனில் கை வைக்கும் முன் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்க வேண்டும். பிடுங்கியதைப் பக்கத்தில் வைக்கக்கூடாது, இன்னொருவர் கையில் கொடுக்கவும் கூடாது. சொந்தச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். "கட்டை உன் பையில இருக்கற வரைக்கும் உன் உயிர் உன் கையில" என்பார். சட்டையில் பை இல்லாமல் வந்த ஒருவனை அன்று முழுக்க வேலை தொடவிடாமல் உட்காரவைத்தார்.

நம் பக்கத்து மோட்டார்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதாற்றுக் கால்வாயில் தண்ணீர் வராத மாதங்களில் மோட்டார்தான் கதி. 1990-லிருந்து விவசாயத்துக்குக் கரண்டு இலவசம், ஆனால் அப்போது மூன்று பேஸும் சேர்ந்து வந்தது சில மணி நேரம்தான். அதில் ஒரு பேஸ் போய்விட்டால் மோட்டார் நிற்காது. மற்ற இரண்டு பேஸிலும் அளவுக்கு மேல் இழுத்துக்கொண்டு உறுமும், கவனிக்காவிட்டால் காயில் கருகிவிடும். கோடையில் வாரத்துக்கு ஒன்றாவது எரிந்து பள்ளிக்கூட வாசலுக்கே வரும். சார் அதை எங்களுக்குப் பாடமாக்குவார். செப்புக் கம்பிக்கு மட்டும் காசு வாங்குவார்.

அப்படி ஒரு 5 எச்.பி. மோனோபிளாக் மோட்டாரை, அதாவது பம்பும் மோட்டாரும் ஒரே உடம்பாக இருப்பதை, நானே ரீவைண்டிங் செய்தேன். ப்ளஸ் டூ படிக்கும்போது, மாசி மாதம். மோட்டார் எங்கள் ஊர் மிராசுதாருடையது. எங்கள் அப்பா குத்தகைக்குப் பார்த்த நாலு மா நிலமும் அவருடையதுதான். மோட்டாரை மாட்டுவதற்கு என்னைத்தான் அழைத்துப்போனார் சார். கொட்டகையைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர். அப்பாவும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். "நம்ம பய கரண்டு படிக்கிறான்" என்று அவர் ஏற்கெனவே பலரிடம் சொல்லியிருக்கிறார் என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

மூன்று ஒயரையும் முறுக்கினேன். கட்டையைப் பையிலிருந்து எடுத்து மாட்டி ஸ்டார்ட்டர் பச்சையை அழுத்தினேன். மோட்டார் அழகாக ஓடியது. சத்தமும் நல்ல சத்தம். குழாய் வாயில் தண்ணீர் நூலாக வழிந்ததே தவிரப் பாயவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். யாரோ சிரித்தார். "பள்ளிக்கூடத்து மோட்டார்ல, பாடம் சொல்லும், தண்ணி ஊத்தாது" என்றார் மிராசுதார். எல்லாரும் சிரித்தார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வரப்பில் இறங்கி நடக்க ஆரம்பித்தார்.

பம்ப் உடம்பில் சுழலும் திசைக்கு ஓர் அம்புக்குறி உண்டு. அதை நான் பார்க்கவில்லை. மோட்டார் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை மாற்றிக் கொடுத்தால் போதும், இரண்டு நிமிஷ வேலை. சார் நினைத்திருந்தால் ஸ்க்ரூ டிரைவரை வாங்கி அவரே முடித்திருக்கலாம். அவர் மிராசுதாரிடம், "தப்பு என்னோடதுங்க. அம்புக்குறியப் பாருன்னு நான் சொல்லியிருக்கணும்" என்றார். அது பொய். முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுத்திருந்தார். பிறகு ஓடிப்போய் அப்பாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்து அதே இடத்தில் நிறுத்தினார். என்னிடம் திரும்பி, "கட்டையப் புடுங்கு, பையில போடு, ரெண்டு ஒயர மாத்து" என்றார். கை நடுங்கியது. மாற்றினேன். தண்ணீர் வந்த வேகத்தில் தொட்டியின் மறுகரையில் இருந்த வைக்கோல் அடித்துக்கொண்டு போனது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தண்ணீரில் இறங்கிக் கால் கழுவிக்கொண்டார்.

பரீட்சை முடிந்ததும் மற்ற ஆசிரியர்கள் விடைபெற்றார்கள். சாருக்கு அப்போதுதான் வேலை ஆரம்பம். எங்கள் ஒன்பது பேரையும் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏற்றி வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிய வைத்தார். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், விட்டால் சீனியாரிட்டி போய்விடும் என்று ஒவ்வொருவர் கார்டின் பின்னாலும் தேதி எழுதிக்கொடுத்தார். விண்ணப்பத்தை முதலில் பென்சிலில் எழுதச் சொல்வார், அவர் பார்த்த பிறகுதான் பேனா. கூலி பேசாமல் எந்த வேலையிலும் சேரக்கூடாது. பார்த்த நேரத்தை அன்றன்றைக்கு நோட்டில் குறித்துவைக்க வேண்டும். அவரிடமும் ஒரு லாங் சைஸ் நோட்டு இருந்தது. படித்துப்போன ஒவ்வொரு செட்டின் பெயர்களும், எதிரே இப்போது எங்கே என்பதும் அதில் இருக்கும். ஊர் பென்சிலில்தான் எழுதப்பட்டிருக்கும். "ஒரு இடத்துல நிலைச்சுட்டான்னு தெரிஞ்சா பேனாவால எழுதிடுவேன்" என்றார்.

அந்த 2002-ல் ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கவில்லை. குறுவைச் சாகுபடி இல்லை. அடுத்த வருஷமும் அப்படியே. நம் செட்டுப் பையன்கள் எப்படிச் சிதறிப்போனோம் என்பது இந்த மலரைப் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். நான் திருப்பூர் போனேன். ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் ஹெல்பர், தினம் ஒன்றரை ஷிப்ட், சனிக்கிழமை சம்பளம். இரண்டாவது மாதம் கணக்கில் நாலு ஷிப்ட் குறைந்தது. நோட்டைக் காட்டினேன். சூப்பர்வைசர் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் காசை எண்ணிக் கொடுத்தார். அப்புறம் ஒருநாள் எலக்ட்ரீஷியன் வரவில்லை, மோட்டார் உறுமியது. ஒரு பேஸ் போயிருக்கிறது என்று சொல்லி உடனே ஆஃப் செய்தேன். அதிலிருந்துதான் என் கைத்தொழில் என்னைத் தேடி வந்தது. அங்கிருந்து சில வருஷத்தில் சிங்கப்பூர்.

இங்கே முதல் நாள் சேஃப்டி கோர்ஸில், பிரேக்கரை ஆஃப் செய்து அவரவர் பூட்டைப் போட்டு, பெயர் எழுதிய டேக் மாட்டி, சாவியை அவரவரே வைத்துக்கொள்ள வேண்டும் என்று படம் போட்டு விளக்கினார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் குறிப்பெடுத்தார்கள். என் கை தன்னால் சட்டைப்பைக்குப் போனது.

சாருக்கு வருஷத்துக்கு இரண்டு முறை போன் பண்ணுவேன், பொங்கலுக்கும் ஆசிரியர் தினத்துக்கும். ஒவ்வொரு முறையும் ஒன்றே ஒன்று கேட்பார். "லீவுல வர்றப்ப ஒரு நாள் வந்து பசங்ககிட்ட பேசிட்டுப் போ தம்பி. வேலைக்குப் போறது எப்படின்னு நான் சொன்னா பாடம்னு நினைக்கிறான். நீ சொன்னா நம்புவான்." வருகிறேன் சார் என்பேன். எனக்குக் கிடைப்பது மூன்று வாரம். காதுகுத்து, குலதெய்வம், பத்திரப் பதிவு, மாமியார் வீடு. ஒரு லீவில் பள்ளிக்கூட வாசல்வரை போனேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை, குரூப்பையே மூடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது, இனி பேசுவதற்குப் பையன்களே இல்லை என்று எனக்கு உறைத்தது. அதன் பிறகும் அவர் போனில் கேட்டார். "பையனுங்க இல்லாட்டி என்ன, வீட்டுக்கு வா" என்றார்.

போன மாதம் துக்கம் கேட்கப் போனேன். சார் வீட்டு அம்மா காபி கொடுத்துவிட்டு, அலமாரியிலிருந்து அந்த நோட்டை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். 2002 பக்கத்தைத் தேடினேன். எங்கள் ஒன்பது பேரில் ஏழு பேருக்குப் பேனாவில் ஊர் எழுதியிருந்தது. என் பெயருக்கு எதிரே திருப்பூரை ரப்பரால் அழித்த தடம், அதன் மேல் சிங்கப்பூர், பக்கத்தில் 'லீவில் வருவான்'. எல்லாம் பென்சிலில்.